நாற்பத்தொன்றாம் குப்பி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்று நீ சொன்ன பிறகும் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். விலாசத்தைச் சித்தியிடம் வாங்கினேன். அவளைத் திட்டாதே, நான்தான் மூன்று தடவை கேட்டேன். நீ என் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் எனக்குப் பேச வராது. எனக்கு ஊமச்சி என்று பேர் வைத்தவளே நீதானே.

நீ வீட்டை விட்டுப் போய் ஏழு மாதம் ஆகிறது. அன்று அம்மா உன் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்துப் பின்னறை ஜன்னலில் வைத்தாள். நான் நிலைப்படியில் நின்றிருந்தேன். "நீ வேலை பாக்கறதே இந்த எச்.ஐ.வி. கிருமியோடதானே? டம்ளர்ல ஒட்டாதுன்னு சொல்லேன்டி" என்று நீ கேட்டாய். நான் சொல்லவில்லை. தொண்டை வரை வந்தது என்று எழுதினால் நீ சிரிப்பாய். வரவில்லை. அந்த வேலையையே விட்டுவிட்டு வா என்று அம்மா என்னிடமும் சொல்லிவிடுவாளோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எழுதக் காரணம் வேறு. நீ காய்ச்சலோடு வார்டில் கிடந்தபோது, மாத்திரை தொடங்குவதற்கு முந்தின நாள், நான் வந்து ரத்தம் எடுத்தேன், ஞாபகம் இருக்கும். ஒரு குழாய் ஆஸ்பத்திரிக்கு. இன்னொன்றை எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரிப் படிவம் என்று சொல்லி உன்னிடம் ஒரு கையெழுத்தும் வாங்கினேன். அது எங்கள் படிவம். எங்களிடம் யாருக்கும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். குளிர்பெட்டியில் அறுபது பேருடைய குப்பிகள் இருக்கின்றன. நீ நாற்பத்தொன்று.

ஜனவரியில் அறுபதையும் ஒரு சோதனையில் போட்டுப் பார்க்கச் சொன்னார் எங்கள் ஆய்வுத் தலைவி. நாங்கள் மேடம் என்போம். நாற்பத்தொன்றின் முடிவைப் பார்த்ததும், நோயுள்ள செல்லை விட மறந்துவிட்டேன் என்று நினைத்துப் பயந்து, யாருக்கும் சொல்லாமல் சோதனைத் தட்டைக் கொட்டிவிட்டேன். மறுபடி செய்தேன். அதே முடிவு. மூன்றாவது முறை சீனியரைப் பக்கத்தில் நிற்க வைத்துச் செய்தேன். அப்போதும் அதே. மேடம் யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாதவர். அன்று முக்காலியை இழுத்துப் போட்டு என் மேசையருகே உட்கார்ந்தார். "யாரும்மா இந்த நாப்பத்தொண்ணு? எப்படியாவது கூட்டிட்டு வந்துரு" என்றார்.

குப்பியில் ஒன்றிரண்டு சொட்டுதான் மிச்சம் இருக்கிறது. நீ ஒரு தடவை வந்து எட்டுக் குழாய் ரத்தம் தருவாயா?

உன் தங்கை


மார்ச் 12

ஊமச்சிக்கு,

பேசற மாதிரிதான் எழுதுவேன். எட்டாவதோட நின்னவளுக்கு இலக்கணம் வராது. தப்பு இருந்தா சிவப்பு மையால திருத்திக்கோ, பட்டதாரிதானே.

இங்க எனக்குச் சலவைக் கம்பெனியில வேலை. ஆஸ்பத்திரி துணி, ஓட்டல் துணி எல்லாம் வரும். சூடான ரோலர்ல நான் பெட்ஷீட்டை விடணும், எதிர்ப்பக்கம் ஒருத்தி பிடிக்கணும். உன் லெட்டரை அந்த ஆவியில நின்னே படிச்சேன். "என்னக்கா, லவ் லெட்டரா?"ன்னா அவ. "ஆமா, என் ரத்தத்து மேல ஒருத்திக்குக் காதல் வந்துருச்சாம்"னேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கல. சூப்பர்வைசர் வந்து ரெண்டு பேரையும் திட்டிட்டுப் போனாரு.

ரெண்டாவது குழாய் எடுத்தது எனக்குத் தெரியும். காய்ச்சல்லதான் கிடந்தேன், கண்ணு அவிஞ்சா போச்சு? பாசம்னு நெனச்சேன்டி. தங்கச்சி பெரிய லேப்ல கொண்டுபோய் அக்கறையா பாக்கப் போறான்னு பக்கத்துக் கட்டில்காரிகிட்ட பெருமை வேற பேசினேன். ஏழு மாசமா ஒரு வார்த்தை இல்ல. மேடம் முக்காலியில உக்காந்ததும் அக்கா ஞாபகம் வந்துருச்சு.

மூணு கேள்வி. என் ரத்தத்துல அப்படி என்ன இருக்கு? எனக்குப் புரியற மாதிரி எழுது. அதால எனக்கு ஏதாவது நல்லது உண்டா? அதுக்காக நான் மாத்திரையை நிறுத்தணுமா? இங்க டாக்டரம்மா ஒரு வேளை விட்டாலே கண்ணை உருட்டறாங்க.

இன்னொண்ணு. தட்டு விஷயத்துக்கு நீ காரணம் எழுதியிருக்கே. மன்னிப்புக் கேக்கல. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்காத.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கேள்விகளுக்கு வரிசையாகவே பதில் எழுதுகிறேன்.

இந்தக் கிருமி நம் உடம்பில் காவலுக்கு இருக்கிற செல்களைத்தான் பிடிக்கிறது. ஒரு செல்லிலிருந்து வெளியே வந்து, மிதந்து போய், இன்னொன்றைப் பிடிப்பது ஒரு வழி. அப்படி மிதக்கும்போது அதை மடக்குவது அவ்வளவு கஷ்டமில்லை. கிருமியைப் பார்த்து உடம்பு தானாகவே ஒரு ஒட்டுப்பொருள் செய்துகொள்ளும். அதற்கு ஆன்டிபாடி என்று பேர். அது கிருமியின் கொக்கியில் போய் ஒட்டிக்கொண்டால், கிருமியால் எங்கும் மாட்ட முடியாது.

இன்னொரு வழி மோசமானது. நோயுள்ள செல், நல்ல செல்லின் பக்கத்தில் போய் நெருக்கி ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னச் சந்து. அந்தச் சந்துக்குள்ளேயே கிருமிகளைக் கூட்டமாகக் கடத்திவிடும். காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிந்துவிடும். மிதக்கிற கிருமியை மடக்குகிற ஆன்டிபாடிகளில் பல இந்தச் சந்தில் தோற்றுப்போகின்றன.

எங்கள் சோதனையில் நோயுள்ள செல்களுக்குப் பச்சை நிறம் ஏற்றுவோம், நல்லவற்றுக்குச் சிவப்பு. ஒன்றாகக் கலந்து இரண்டு நாள் சூட்டுப்பெட்டியில் வைத்தால், சிவப்புக்குள் பச்சை புகுந்திருக்கும். அதை எண்ணுவதுதான் என் வேலை. நூற்றுக்கு முப்பது, நாற்பது என்று வரும். உன் ரத்தத்தின் தெளிந்த நீரை விட்ட சோதனைத் தட்டுக் குழியில் இரண்டுதான் வந்தது. செல்கள் ஒட்டிக்கொண்டுதான் நின்றன. ஆனால் எதுவும் கைமாறவில்லை. அப்படி ஓர் ஆன்டிபாடி உன்னிடம் இருக்கிறது. அதைச் செய்கிற செல்லை உன் ரத்தத்திலிருந்து பிரித்து எடுக்க முடிந்தால், ஆய்வகத்திலேயே அதைச் செய்துகொள்ளலாம். மருந்தாகுமா என்று பார்க்கப் பத்து வருஷம் ஆகும். ஆகாமலும் போகலாம்.

உனக்கு இதனால் நல்லது ஒன்றும் இல்லை. உன் உடம்பில் இருக்கும் கிருமி உருவத்தை மாற்றிக்கொண்டு எப்போதோ தப்பிவிட்டது. அதைத் துரத்தித் துரத்தித்தான் உன் ஆன்டிபாடி இவ்வளவு கெட்டிக்காரத்தனம் பழகியிருக்கிறது. மற்றவர்களின் கிருமியைப் பிடிக்கும், உன்னுடையதைப் பிடிக்காது. வருஷக்கணக்கில் மருந்தில்லாமல் இருந்தவர்களிடம்தான் இப்படி ஒன்று கிடைக்கும் என்றார் மேடம். "நாம அதிர்ஷ்டசாலிங்க" என்றும் சொன்னார். உன்னைச் சேர்த்துச் சொல்லவில்லை.

மாத்திரையை நிறுத்தாதே. மாத்திரை எடுக்க எடுக்க அந்த ஆன்டிபாடியைச் செய்கிற செல்கள் குறையும் என்பது உண்மை, அதனால்தான் அவசரப்படுகிறோம். ஆனாலும் நிறுத்தாதே. உன்னிடம் அதைக் கேட்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

தட்டு விஷயத்துக்கு மன்னித்துக்கொள்.

இதோடு புதுப் படிவம் வைத்திருக்கிறேன். கவுன்ட்டரில் நாற்பத்தொன்று நீதான் என்று காட்ட, பழைய படிவத்தின் நகலும் இருக்கிறது.

உன் தங்கை


மார்ச் 30

அந்த நகலைப் பாத்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எண்ணு தெரியும்.

ஆறாவது கட்டத்துல ஒரு தேதி இருக்கு. ஆறு வருஷத்துக்கு முந்தின தேதி. மாத்திரை குடுக்கற இடத்துல கவுன்சிலரம்மாகிட்ட காமிச்சு, "இது என்னங்க"ன்னேன். "உங்களுக்கு முதல் முதல்ல டெஸ்ட்ல தெரிஞ்ச தேதிம்மா"ன்னாங்க. தப்பா இருக்கும், எனக்குப் போன வருஷம்தானே தெரியும்னேன். அவங்க மறுபடி பாத்துட்டு நகலை மடிச்சு என் கையில குடுத்துட்டாங்க.

அப்புறம் ரூமுக்கு வந்து கணக்குப் போட்டேன். அந்தத் தேதி, அவர் செத்து பத்தொன்பதாவது நாள். உங்க வீட்டுக்காரருக்கு வந்த நோய் உங்களுக்கு இருக்கான்னு பாக்கணும்னு ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தாங்களே, அந்தப் பேப்பர் வந்த நாள். நீதான் உறையைப் பிரிச்சே. வீட்டுல அதைப் படிக்கத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். நான் குழந்தையை, நம்ம கடுகை, மடியில போட்டுப் பால் குடுத்துட்டு இருந்தேன். அஞ்சு மாசம் அவளுக்கு. "என்னடி போட்டிருக்கு?"ன்னேன். "ஒண்ணுமில்லக்கா, ரத்தம் கொஞ்சம் கம்மியாம். பேரீச்சம்பழம் சாப்பிடணுமாம்"னே.

ரெண்டு வருஷம் சாப்பிட்டேன்டி பேரீச்சம்பழம்.

கடுகு ரெண்டு வயசு முடிய பால் குடிச்சா. ரெண்டே கால்ல போயிட்டா. நெஞ்சுச் சளின்னாங்க. நீ ஹாஸ்டல்லேருந்து வந்து மூலையில நின்னு ஏங்கி ஏங்கி அழுதே. சின்னப் பொண்ணு, பயந்துருச்சுன்னு நான்தான் எழுந்து வந்து உன் முதுகைத் தடவிக் குடுத்தேன். பெத்தவ நான்.

பால்ல அது போகும்னு அன்னைக்கு உனக்குத் தெரியுமா? தெரியும், தெரியாது. ரெண்டுல ஒண்ணை எழுது.


ஏப்ரல் 6

தெரியும்.

நீ ஒரு வார்த்தைதான் கேட்டாய். மீதியைப் படிக்கப் பிடிக்காவிட்டால் கிழித்துவிடு.

அந்தக் காகிதம் வந்தது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை நான் மேல்படிப்பில் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அத்தான் போன வீட்டில் இதையும் சொன்னால் அம்மா என்னை அனுப்ப மாட்டாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னை நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். சேர்ந்துவிட்டு வந்து சொல்லலாம் என்று முடிவு செய்தேன். முதல் விடுமுறைக்கு வந்தபோது ஒரு மாதம் ஆகியிருந்தது. விஷயத்தோடு, அந்த ஒரு மாதம் ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த தடவை நான்கு மாதம். சொல்ல வேண்டியது கூடிக்கொண்டே போனது. பிறகு கடுகு போய்விட்டாள். அதற்குப் பிறகு எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவளுக்கு வராது என்று நம்பினேன். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் தப்பிவிடும் என்று பாடப் புத்தகத்தில் இருந்தது. நான் கடுகை அந்தப் பாதியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு விடுமுறையிலும் அவளைத் தூக்கிப் பார்ப்பேன், நினைவிருக்கிறதா? எடை ஏறியிருக்கிறதா என்றுதான் பார்த்தேன். "சித்திக்கு எவ்வளவு ஆசை பாரு" என்று நீ அவளிடம் சொல்வாய்.

பிறக்கும்போதே அவளுக்கு அது வந்திருக்கவும் கூடும். யாருக்கும் தெரியாது. இந்த வாக்கியம் எனக்குச் சாதகமானது என்பதால் எழுதத் தயங்கினேன். ஆனாலும் எழுதிவிட்டேன்.

நான் இந்த ஆய்வகத்தில் சேர்ந்தது பரிகாரம் என்று நினைத்துவிடாதே. வேறு இரண்டு இடத்தில் கேட்டேன், கிடைக்கவில்லை.

உன்னிடம் பொய் சொல்ல முடிந்த என்னால் ஆறாவது கட்டத்தில் பொய்த் தேதியை எழுத முடியவில்லை. தேதி தப்பானால் முடிவு முழுவதும் தப்பாகிவிடும். வீட்டுப் பெட்டியிலிருந்து பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து, நகல் இணைத்து, அதைப் பார்த்துத்தான் எழுதினேன்.

இனி நீ வர மாட்டாய் என்று தெரியும். மேடம் நேற்றும் கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 21

வர்றேன்.

உடனே மேடம்கிட்ட ஓடாத. முழுசாப் படி.

ரோலருக்கு எதிர்ல நிக்கிறவளைப் பத்தி எழுதினேனே, அவளுக்கு இப்போ எட்டு மாசம். அவளுக்கும் இது இருக்கு. மாத்திரை வாங்கற வரிசையிலதான் நாங்க பழகினோம். கம்பெனியில யாருக்கும் தெரியாது. அவ குழந்தை தப்பிரும்னு கவுன்சிலரம்மா சொல்றாங்க. டெஸ்ட் எடுத்த அன்னைக்கே உண்மையைச் சொல்லி மாத்திரை குடுத்துட்டாங்களாம். என்னைவிட அவ என்ன புண்ணியம் பண்ணினா? ஒண்ணுமில்ல. அவளுக்குப் படிச்ச தங்கச்சி இல்ல.

நேத்து அவ என் கையைப் பிடிச்சு வயித்து மேல வெச்சா. "உதைக்குதுக்கா, பாரு"ன்னா. கையை எடுத்துட்டேன். என்னக்கான்னா. கை சூடா இருக்கு, ரோலர்லேருந்து இப்பதானே வந்தேன்னேன். பொய் சொல்றது ரொம்ப ஈஸிடி. நீ ஒண்ணும் பெரிய திறமைசாலி இல்ல.

அம்மாகிட்ட நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். உனக்கு உதவி பண்றேன்னு நெனச்சுக்காத. சொன்னா அவ ரெண்டு நாள் மாரடிச்சுப்பா. மூணாம் நாள், "சின்னப் பொண்ணு, புத்தியில்லாம செஞ்சுட்டா"ன்னு உன்னை மடியில போட்டுப்பா. அந்த மன்னிப்பு உனக்குக் கெடைக்க வேணாம். அவ என் தட்டைத் தனியா வெச்சதும் அப்படியே இருக்கட்டும். நீ ஒவ்வொரு வாரமும் வீட்டுக்குப் போய் அவ போடறதைச் சாப்பிடு.

நான் எதுக்கு வர்றேன்னா, கடுகுக்கு எங்கயுமே ஒரு எழுத்து இல்ல. ஆஸ்பத்திரிச் சீட்டுல நெஞ்சுச் சளி. அதுலயும் தண்ணி பட்டு மை கலைஞ்சு போச்சு. உங்க படிவத்துல எழுதச் சொல்லப் போறேன். இந்த நாப்பத்தொண்ணுக்கு ஒரு பொண்ணு இருந்தா, ரெண்டே கால் வயசு, பால் குடிச்சா, இந்தக் கிருமியிலதான் போயிருக்கணும்னு. உங்க பெட்டியில நம்பரோட நம்பரா அதுவும் இருக்கட்டும். அது எழுதினப்புறம் எத்தனை குழாய் வேணும்னாலும் எடுத்துக்கட்டும், எட்டோ பதினெட்டோ.

உன் பேரைச் சொல்ல மாட்டேன். நீ என் தங்கச்சின்னும் காட்டிக்க மாட்டேன். ஊசியை மட்டும் நீ போடக் கூடாது. உன் கை என் மேல படக் கூடாது.

மே மூணாம் தேதி லீவு சொல்லியிருக்கேன்.


ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நன்றி என்று எழுதி அடித்துவிட்டேன். ஆனாலும் நன்றி.

மே மூன்று காலை பத்து மணிக்கு வா. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் நீலக் கண்ணாடி வைத்த கட்டடம் தெரியும். முன்வாசல் எங்களுக்கு. நீ பக்கவாட்டில் சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி இருக்கும் சின்னக் கதவால் வர வேண்டும். இரண்டாவது மாடி. லிப்ட் பாதி நாள் ஓடாது, மெதுவாக ஏறு. சாப்பிட்டுவிட்டு வா, மாத்திரையையும் வழக்கம்போல் போட்டுக்கொள், நிறையத் தண்ணீர் குடி. தளர்வான கை வைத்த சட்டை போட்டு வந்தால் நல்லது. இடது கையைக் கொடு. வலது கையில் நரம்பு நழுவும், வார்டிலேயே பார்த்தேன். ரத்தம் எடுக்கும் அம்மா கெட்டிக்காரர், முதல் குத்திலேயே பிடித்துவிடுவார். நான் அன்று பின்கட்டில் நுண்ணோக்கி அறையில் இருப்பேன். வெளியே வர மாட்டேன்.

குளிர்பெட்டியில் கடைசிச் சொட்டை நான் இன்னும் தொடவில்லை. எட்டுக் குழாய் கிடைத்துவிட்டால் ஆறு வாரத்தில் அந்தச் செல்லைப் பிடித்துவிடலாம் என்கிறார் மேடம். கட்டுரையில் என் பெயரை இரண்டாவதாகப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஜூனில் என் வேலையையும் நிரந்தரமாக்கப் போகிறார்கள். நம் வீட்டில் யாருடைய பெயரும் இதுவரை எங்கும் அச்சில் வந்ததில்லை. இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. சொல்ல எனக்கு வேறு யாரும் இல்லை.

நீ என் பேரைச் சொல்ல மாட்டாய் என்று நம்புகிறேன். ஆனால் அது போதாது அக்கா. நாற்பத்தொன்றைக் கொண்டுவந்தவள் நான் என்று மேடத்துக்குத் தெரியும். பக்கத்துத் தெருப் பெண், எங்களுக்குத் தெரிந்தவர் என்று சொல்லியிருக்கிறேன். ஆறு வருஷத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டை இணைத்ததும் நான்தான். இத்தனை வருஷம் ஏன் மருந்து எடுக்கவில்லை என்று அவர் ஒரு தடவை கேட்டார். பயத்தில் போகாமல் இருந்துவிட்டார்களாம் என்றேன். அவர் நம்பிவிட்டார், அப்படி நிறையப் பேர் உண்டு. ஆனால் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் பால் குடிக்கிற ஐந்து மாதக் குழந்தை ஒன்றும் இருந்தது என்று எழுதினால் அவர் அதோடு விட மாட்டார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் காகிதம் யார் கையில் வந்தது, யார் படித்தது, குழந்தைக்கு ஏன் சோதிக்கவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அவர் அப்படித் துருவிக் கேட்கும்போது யாராலும் பொய் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது.

அதே படிவத்தில் பத்தாவது கட்டத்தில் ஒரு பூஜ்யம் இருக்கிறது. நீ பார்த்திருப்பாய், என்னவென்று தெரிந்திருக்காது. குழந்தைகள் எத்தனை என்று கேட்கிற கட்டம் அது. அந்தத் தாளில் அது ஒன்றுதான் பொய். அதை எழுத நான் யோசிக்கவே இல்லை. அதையும் நீ தெரிந்துகொள்.

மூன்றாம் தேதி ரத்தம் எடுக்கும் அந்த அம்மா பழைய படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக உன்னிடம் மறுபடி கேட்பார். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பத்தாவதற்கு வரும்போது நிமிர்ந்து பார்த்து, "பிள்ளைங்க?" என்று கேட்பார்.

பிறக்கவே இல்லை என்று சொல்லிவிடு, அக்கா.